இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்

11 ஜூன் 2024
மூன்றாம் பிளாக், எண் 4172

அன்புள்ள சுஷமா சேச்சிக்கு,

உதயன் எழுதுவது. உடம்புக்குக் குறைவில்லை. உன் முட்டுவலி மழை தொடங்கியதும் கூடியிருக்குமே, எண்ணெய் தடவுகிறாயா? என் மகன் நிவேத் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டானா? பையும் குடையும் வாங்கிக் கொடுத்திருப்பாய். கேட்டால் மஸ்கட்டில் வெயில் கடுமை, அப்பா சுகம் என்று சொல்.

ஃபோன் முறை வரும்போதெல்லாம் உன் எண்ணைப் போடுகிறேன், நீ எடுப்பதில்லை. "உன் குரலைக் கேட்க என்னால் முடியாது, எழுது, படிக்கிறேன்" என்று போன வருஷம் நீ அனுப்பிய தபால் அட்டையை வைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். இங்கே நல அலுவலர் ஒருவர் இருக்கிறார், மோகன்தாஸ் சார். பத்தாம் வகுப்புத் தேறியவன் என்று கண்டுபிடித்து, பதினோரு பேருக்கு மலையாளம் சொல்லிக்கொடு என்று என் தலையில் கட்டிவிட்டார். வங்காளி, ஒடியா, அசாம்காரர்கள், கேரளத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். வெளியே இவர்களை விருந்தினர் தொழிலாளர் என்கிறார்கள். இந்த இடத்தில் நாங்கள் எல்லாருமே விருந்தாளிகள்தாம். டிப்பர் ஓட்டியவனை வாத்தியாராக்கி 'மாஷே' என்று கூப்பிடுகிறார்கள், சேச்சி. சிரிக்காதே. உன் பள்ளியில் இவர்களுடைய குழந்தைகள்தானே பாதி? நீ எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய்?

உன் தம்பி,
உதயன்

7 ஜூலை 2024
பெரும்பாவூர்

உதயனுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டுவலி அப்படியேதான். நிவேத்துக்குப் பை வாங்கியாயிற்று, குடை போன வருஷத்துடையது. உறையின் மேல் 'மத்திய சிறை' என்று எழுதி, அவன் கண்ணில் படாமல் தபால்பெட்டியில் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. எட்டு வயதுப் பையனுக்கு இன்னும் எத்தனை நாள் மஸ்கட்?

சரி, கேட்டதற்கு வருகிறேன். அம்மா, ஆடு என்று நான் தொண்டை வற்றக் கத்திய காலம் போயிற்று. இப்போது எல்லாம் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. ஒன்றில் படத்தையும் சொல்லையும் போட்டால் அதுவே அட்டைகள் செய்துவிடும். தப்பாகச் சொன்ன அட்டை நாளைக்கே திரும்பி வரும். சரியாகச் சொன்னது மூன்று நாள் கழித்து வரும், மறுபடியும் சரி என்றால் ஏழு நாள். எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை மறக்கப்போகிறது என்று அதற்கு எப்படித் தெரிகிறதோ! இன்னொன்று சுழலும் சக்கரம். எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். மூன்றாவது ஒரு சுவர். பிள்ளைகள் டேப்லெட்டில் எழுதுவது ப்ரொஜெக்டரில் வரும், பெயர் வராது. பெயர் வராததால் வாயே திறக்காததுகள்கூட எழுதுகின்றன.

ஒரு பைசா கிடையாது. எவனோ எந்த ஊரிலோ உட்கார்ந்து செய்து, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருபத்திரண்டு வருஷம் டீச்சராக இருந்துவிட்டேன், அந்தத் திரையைத் தொடும்போது இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது. உங்களுக்குத்தான் அங்கே இணையம் கிடையாதே. இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறாய்?

சுஷமா

15 ஜூலை 2024

அன்புள்ள சேச்சிக்கு,

உதயன் எழுதுவது. நலம். முட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என்ன செய்யப்போகிறேன் என்றா கேட்டாய்? செய்துவிட்டேன். இங்கே சப்பாத்தி போட்டுப் பொட்டலம் கட்டி வெளியே விற்கிறார்கள் அல்லவா, அதன் லேபிள் ஒரு கட்டு அச்சுப் பிசகி மூலையில் கிடந்தது. பின்பக்கம் வெள்ளை. மோகன்தாஸ் சார் கொடுத்துவிட்டார். படம் போடுகிறவர் பவித்ரேட்டன். கள்ளநோட்டுக்காக வந்தவர். அவர் வரைந்த பசுவைப் பார்த்துவிட்டு அசாம்காரன் ஒருத்தன், "இதுக்குப் புல்லு வைக்கணுமே" என்றான். உன் இணையக்காரன் செய்கிற மாதிரியே மூன்று கட்டு. நாளைக் கட்டை வைத்திருப்பவன் ஒரு வங்காளி, ஆறடி. அவனை ஏமாற்றி ஒரு அட்டையும் தப்ப முடியாது. சக்கரத்துக்குத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, சுற்றிலும் சொல் எழுதி, நடுவில் ஒரு செருப்பைச் சுழற்றுகிறோம். அதன் மூக்கு காட்டுகிற சொல்லுக்கு வாக்கியம். சுவருக்குப் பதில் ஒரு தகரடப்பா. பெயரில்லாமல் எழுதிப் போடலாம். முதல் நாள் விழுந்த சீட்டு ஒன்றே ஒன்று: 'சாம்பாரில் உப்பு இல்லை.' எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. தைத்தாரி பெஹரா, ஒடிசாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உங்கள் ஊர்ப் பிளைவுட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். சண்டையில் பலகையை எடுத்து ஒருத்தன் மண்டையில் அடித்துவிட்டார். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவருக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. ஏன் இந்த வெறியோடு படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"என் மவளுக்கு ஒடியா எழுத வராது மாஷே. இங்கயே பள்ளிக்கூடம் போனவ. மலையாளந்தான் எழுதுவா. ஒருநா அவ எழுதினா நானே படிக்கணும். இன்னொருத்தன் வாயால கேக்கறது எனக்கு வேணாம்."

அப்பா மீன்பிடிப் படகில் கடலில் இருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். அங்கே போனால் மலையாளம் ஏது, கடிதம் ஏது? அதற்குள் என்று துடிக்கிறார். பெயர் லிப்சா, நான்காம் வகுப்பு, பெரும்பாவூர் அரசுப் பள்ளி. உங்கள் பக்கம் எத்தனையோ பள்ளிகள். உனக்குத் தெரிந்திருக்குமா?

நிவேத்துக்கு முத்தம். மஸ்கட்டிலிருந்து.

உதயன்

25 ஆகஸ்ட் 2024

உதயனுக்கு,

எல்லாரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது. பள்ளியில் பரீட்சை, மழைக்கு ஒரு வாரம் விடுமுறை, நிவேத்துக்கு ஜலதோஷம்.

செருப்பைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கரண்ட் போனால் என் சக்கரம் செத்துவிடும், உன் செருப்பு சுற்றிக்கொண்டிருக்கும். உன்னைப் பற்றி நல்லதாக ஒன்று நினைத்து வெகுநாளாயிற்று, உதயா. சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன.

ஒரு யோசனை. ஒரே நாளில் எட்டுச் சொல்லுக்கு மேல் கொடுக்காதே. பழையது பாதி, புதியது பாதி. ஓணத்துக்கு அங்கே பாயசம் கொடுப்பார்களா?

சுஷமா

9 செப்டம்பர் 2024

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். நிவேத்தின் ஜலதோஷம் விட்டதா? கற்பூரவல்லிச் சாறு கொடு, தேன் சேர்த்து. பாயசம் உண்டு என்கிறார்கள்.

எட்டுச் சொல் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. தைத்தாரி நாற்பது தாண்டிவிட்டார். 'குடை'யை மட்டும் ஒன்பது தடவை மறந்தார். பத்தாம் தடவை சரியாகச் சொன்னதும் ஆறடி வங்காளி அவரைத் தூக்கிச் சுற்றினான், வார்டன் ஓடிவந்துவிட்டார், அடிதடி என்று நினைத்து.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் இல்லை. மறந்திருப்பாய்.

உதயன்

20 அக்டோபர் 2024

உதயா,

மறக்கவில்லை.

லிப்சா என் வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் இருக்கிறாள். உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். மறுநாள் அவள் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்த முடியவில்லை. அவள் அப்பா எங்கே என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் டீச்சருடைய தம்பி எங்கே என்பதும் அவளுக்குத் தெரியாது. இதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. போதுமா?

ஜூனிலிருந்து அந்தப் பெண் வாய் திறந்து நான் கேட்டதில்லை. போன வாரம் சுவரில் ஒரு தலைப்புப் போட்டேன், 'வீட்டில் இல்லாத ஒருவர்'. பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி ஒடிசாவிலும் வங்காளத்திலும் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எழுதுவார்கள் என்று நினைத்தேன். நான் யோசித்திருக்க வேண்டும். திரையில் ஒவ்வொன்றாக வந்தது. பாட்டி, பாட்டி, செத்துப்போன நாய், மாமா. அப்புறம் பெயரில்லாமல் ஒன்று:

'அப்பா கடலில் என்று அம்மா சொல்கிறாள். கடலில் இருப்பவர் செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் ஃபோன் செய்கிறார்? நான் பள்ளியில் இருக்கும்போது மட்டும் ஏன்?'

நாலு மாதம் ஊமை போல உட்கார்ந்திருந்த பிள்ளைக்குள் இத்தனை பெரிய கேள்வி, அதுவும் பிழையில்லாமல், அவள் தாய்மொழியல்லாத ஒரு மொழியில்! சொல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். அழுதாள். கடிதம் எழுதலாம், ஆனால் இடத்தைச் சொல்லக்கூடாது என்றாள். லிப்சாவிடம், "அப்பா படகுக்குக் கடிதம் சேர்க்கிற ஆள் எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கும் பொய் சொல்ல வந்துவிட்டது பார்.

"யாரு படிச்சுக் காட்டுவாங்க டீச்சர்?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"அங்க யாராவது படிச்சுச் சொல்லுவாங்க மோளே."

"அப்ப வேணாம். அப்பாவே படிக்கிறதா இருந்தா எழுதறேன்."

எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லமாட்டேன் என்கிறாள். அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்?

சுஷமா

30 அக்டோபர் 2024

அன்புள்ள சேச்சி,

நீ எழுதியதைத் தைத்தாரிக்குப் படித்துக் காட்டினேன். 'அப்ப வேணாம்' என்று அவள் சொன்ன அந்த இரண்டு வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு சப்பாத்தி உருட்டப் போய்விட்டார். அன்று அவர் உருட்டியது ஒன்றும் வட்டமாக வரவில்லை.

மறுநாள் வந்து சொன்னார், "அவ அப்பன மாதிரியே பிடிவாதம். எழுதச் சொல்லு மாஷே. நான் படிப்பேன்."

எனக்குத்தான் கவலை. எண்பது சொல் தெரியும். அவள் வேறு எதையாவது எழுதிவிட்டால்? பிள்ளை எழுதுவதில் பாதி புரியாமல் போனால் இந்த மனுஷர் உடைந்துபோவார். வழி சொல், நீதானே டீச்சர்.

உன் முட்டுவலியைக் கேட்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறது?

உதயன்

8 டிசம்பர் 2024

அன்புள்ள உதயாவுக்கு,

நாங்கள் நலம். வலி பழகிவிட்டது.

வழி இருக்கிறது. அந்த அட்டை விளையாட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு வைத்திருக்கிறது. லிப்சாவின் பெயரைத் தொட்டேன். அவள் முழுசாகக் கற்றுக்கொண்ட சொற்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் அவளிடம் வந்து சேர்ந்தது என்பது உள்பட. ஜூன் பதினெட்டு, 'மழை'. ஜூலை இரண்டு, 'ஜன்னல்'. ஆகஸ்டில் ஒரே நாளில் 'பொய்', 'உண்மை' இரண்டும். ஒரு குழந்தையின் மனசுக்குள் சொற்கள் நடந்துவந்த பாதையை இப்படிப் பார்க்கக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டையும் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் இவற்றை மட்டும் படித்தால் போதும். இவற்றைத் தாண்டி அவள் எழுதியிருக்கமாட்டாள்.

அவரும் இதே சொற்களைத்தான் படிக்கிறார், இவற்றை மட்டும் வைத்து எழுது என்று அவளிடம் சொன்னேன். "எல்லாமா?" என்றாள். "எல்லாம்." உடனே உட்கார்ந்து எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. நாலாக மடித்து, ஒட்டி, மேலே 'அப்பா மட்டும்' என்று க்ரயானில் எழுதியிருக்கிறாள். ஒட்டிய கடிதம் அங்கே செல்லாது என்று தெரியும். உன் மோகன்தாஸ் சாருக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். அவரும் யாருக்காவது அப்பாவாக இருப்பார்.

சுஷமா

5 ஜனவரி 2025

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். நிவேத்துக்குப் புத்தாண்டு வாழ்த்து.

மோகன்தாஸ் சார் அந்த மடிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "காகிதந்தானே உள்ள? காகிதந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிரிக்காமல் வெளியே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இந்த இடத்தில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

தைத்தாரி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். பிரிக்கவில்லை. "எல்லாச் சொல்லும் வரட்டும்" என்கிறார். பவித்ரேட்டன் பொறுக்கமாட்டாமல், "குடுய்யா, நான் ரெண்டு நிமிஷத்துல படிச்சுச் சொல்றேன்" என்று கையை நீட்டினார். நான் நடுவில் விழாவிட்டால் இன்னொரு மண்டை உடைந்திருக்கும். இப்போது நூற்று அறுபது. மற்றப் பத்துப் பேரும் தங்கள் பாடத்தை விட்டுவிட்டு அவருக்கு அட்டை காட்டுகிறார்கள். குளிக்கிற வரிசையில், கஞ்சி வரிசையில், எங்கே பார்த்தாலும் ஒருத்தன் லேபிளை நீட்டுகிறான்.

உதயன்

17 பிப்ரவரி 2025

அன்புள்ள சேச்சி,

படித்துவிட்டார்.

போன புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டையும் ஏழு நாள் கட்டுக்குப் போயிற்று. மத்தியானம் மாவுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பலாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். உதடு அசைவது தெரிந்தது. ஒரு விரல் காகிதத்தில் ஊர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடி ஊர்ந்தது. வார்டன் நேரமாயிற்று என்று வந்தவர், பார்த்துவிட்டு எங்களோடு நின்றுவிட்டார். எழுத்தே தெரியாமல் வந்த ஐம்பது வயது மனிதர் ஒருவர் தன் மகளின் குரலைக் காகிதத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டிருந்தார், சேச்சி. கோயிலில்கூட நான் அப்படி மூச்சை அடக்கி நின்றதில்லை.

முடித்ததும் நேராக என்னிடம் வந்தார். "இப்ப நீ படி மாஷே. நான் படிச்சது சரியான்னு பாரு." எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'அப்பா, எனக்குப் பல் விழுந்தது. புதுப் பல் வந்தது. நான் உன் குரல் கேட்டு ஒரு வருஷம். நீ செத்துப் போனாய், அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பயம். நீயே இதைப் படித்து நீயே எழுதினால் நீ உண்டு. எங்கே இருக்கிறாய்? உண்மை சொல். எனக்குக் கோபம் இல்லை.'

அதனால்தான் வேறு யாரும் படிக்கக்கூடாது என்றிருக்கிறாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

அவர் அழவில்லை. "எல்லாச் சொல்லும் இருக்கு. ஒண்ணே ஒண்ணு இல்ல. அதை எழுதிக் காட்டு" என்றார். 'மன்னிப்பு' என்று கேட்பார், 'அன்பு' என்று கேட்பார் என நினைத்துச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தேன்.

"ஜெயில்" என்றார்.

"அவ அம்மா வேணாம்னு சொல்லியிருக்காளே" என்றேன்.

"செவ்வாக்கெழமயே பேசிட்டேன். இனிமே கடல்னு சொல்லமாட்டேன்னேன். அழுதா. அப்புறம் நீயே சொல்லுன்னுட்டா."

சேச்சி, நான் உனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார். ஒன்றிலும் அந்தச் சொல் இல்லை. 'இங்கே' என்றும் 'இந்த இடம்' என்றும்தான் எழுதியிருப்பேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். எழுதினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை தரையில் எழுதினார், கூச்சமே இல்லாமல். பிறகு மூன்று நாள் எடுத்துக்கொண்டு இதை எழுதினார். நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை:

'லிப்சா, அப்பா உண்டு. அப்பா கடலில் இல்லை. படகு இல்லை. அப்பா ஜெயிலில். நான் ஒரு ஆளை அடித்தேன். ரத்தம் வந்தது. அது தப்பு. இங்கே சோறு உண்டு. ஜன்னல் சின்னது. மரம் பெரியது. உன் சொல் எல்லாம் படித்தேன். குடை கஷ்டம். அம்மாவுடன் ஊருக்குப் போ. அங்கே இருந்து எழுது. அப்பா வருவேன். பொய் இல்லை.'

இதோடு இன்னொரு காகிதம் இருக்கிறது. அது நிவேத்துக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதையும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் டிப்பரில் அடிபட்டு இறந்த அந்த மனிதரையும், ஜெயிலையும் எழுதியிருக்கிறேன். எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், ஆனாலும் அவரைவிட அதிக நாள் ஆயிற்று. முதலில் நீ படி. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

உதயன்
மத்திய ஜெயில்

2 மார்ச் 2025

அன்புள்ள உதயாவுக்கு,

லிப்சா தன் கடிதத்தை மத்தியான இடைவேளையில் படித்தாள். மூன்று தடவை. மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு, "கையெழுத்து ரொம்ப மோசம் டீச்சர், ஆனா அப்பாதான்" என்றாள். அப்புறம் சோறு முழுவதும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருபத்தெட்டாம் தேதி ரயில் ஏறுகிறார்கள். உங்கள் விலாசத்தை நான் சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொண்டாள். அவள் அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

நிவேத்துக்கு எழுதியதை நான்கு நாள் அலமாரியில் வைத்திருந்தேன். கிழிக்கத்தான் நினைத்தேன். நேற்றுக் காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் வைத்துவிட்டேன். எழுத்துக் கூட்டி, நிதானமாக முழுவதும் படித்தான். அந்த மனிதருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டான். இரண்டு பேர் என்றேன். மிச்சத் தோசையைத் தின்று முடித்தான். பிறகு கேட்டான்:

"மஸ்கட்டுக்கு ப்ளேன்ல போகணும்னு சொன்னீங்களே அத்தை. இதுக்கு பஸ் போதுமா?"

போதும் என்றேன்.

சனிக்கிழமை வருகிறோம். எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், பையனுக்கு என்ன சீட்டு வேண்டும் என்று ஃபோனில் சொல். எடுக்கிறேன்.

உன்
சேச்சி